களிமண் பெட்டியின் கீழ்ப்பாதி

என் அண்ணன் எலியேசெர் சத்தமில்லாத வெடியை முதன்முதலாகப் பார்த்தது ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை. கண்ணில் லேசர் செய்து நாற்பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ஐம்பது என்றும் சொல்லலாம்; சிகிச்சை நடந்த நாளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. புள்ளி நோட்டில் நாற்பத்தொன்பது என்றே எழுதியிருக்கிறேன்.

அன்று அவர் வீசிய இரும்புத் தட்டு களிமண்ணில் தொப்பென்று புதைந்தது. வீசிய கையை இறக்காமலே, "வெடிச்சுது! மூணு புள்ளி, எழுதிக்க!" என்று கத்தினார்.

களத்தில் எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

"எது வெடிச்சுது?" என்று கேட்டார் களத்துக்குச் சொந்தக்காரரான பெலார்மினோ அண்ணன்.

"பொட்டலம்தான். ஓரத்துல பளிச்சுன்னு அடிச்சுதே, பாக்கலையா?"

"சத்தம் எங்க மாப்ள?"

"சத்தம்..." அண்ணன் எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தார். "சத்தம் வரலையா?"

"கிளம்பியிருக்கு, அடுத்த வாரம் வந்து சேரும். யாமிலே, உன் அண்ணனுக்கு இனிமே பீர் கிடையாது. பால் ஊத்திக் குடு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். நான் பெட்டியருகே போய்க் குனிந்து பார்த்தேன். நான்கு பொட்டலங்களும் கிழியாமல் இருந்தன. பூஜ்யம் போட்டேன். பக்கத்தில் சிறிதாக ஒரு கேள்விக்குறியும் போட்டேன். புள்ளி நோட்டில் கேள்விக்குறிக்கு இடமில்லை என்று தோன்றவே அதை அழித்துவிட்டேன். அழித்த தடம் இன்னும் தெரிகிறது.

எங்கள் ஊர் துயித்தாமாவில் பெலார்மினோ அண்ணனுக்கு ஹார்டுவேர் கடை. கடைக்குப் பின்னால் தேஹோ என்னும் எறிவிளையாட்டு ஆடும் களம். பகலில் நான் கடையில் ஆணியும் குழாயும் விற்கிறேன். வாரத்தில் நான்கு நாள் மாலை ஆறரைக்குக் கட்டட வரைபட வகுப்பு. ஆட்டம் இருக்கும் நாட்களில் களத்தில் புள்ளி எழுதுவது என் வேலை. இந்த முனையில் நின்று முக்கால் கிலோ இரும்புத் தட்டை எறிய வேண்டும். அந்த முனையில், ஏறக்குறைய இருபது மீட்டர் தள்ளி, சாய்த்து வைத்த பெட்டி நிறையக் களிமண். நடுவில் ஒரு இரும்பு வளையம். வளையத்தின் விளிம்பில் வெடிமருந்து வைத்து மடித்த சின்னக் காகிதப் பொட்டலங்கள். தட்டு பொட்டலத்தை வளையத்தோடு சேர்த்து நசுக்கினால் வெடிக்கும், மூன்று புள்ளி. எதுவும் வெடிக்காவிட்டால், வளையத்துக்கு யாருடைய தட்டு நெருக்கமோ அவருக்கு ஒரு புள்ளி. நெருக்கத்தை நூல் பிடித்து அளப்பதும் நான்தான்.

யாரும் கேட்காத வேலை ஒன்றையும் நானாகச் செய்துவந்தேன். கட்டம் போட்ட தாளில் பெட்டியை வரைந்து, ஒவ்வொரு தட்டும் விழுந்த இடத்தில் ஒரு புள்ளி குத்துவேன். வகுப்பில் கற்ற பழக்கம். ஆளுக்கொரு தாள், நாளுக்கொரு தாள். இதனால் என்ன பயன் என்று பெலார்மினோ அண்ணன் கேட்டபோது அடுத்த தாளை எடுத்துவைத்தேன்.

அண்ணனுக்கு ஐந்து வயதிலிருந்தே கிட்டப்பார்வை. முப்பதாவது வயதில் மைனஸ் ஒன்பதரை. பள்ளியில் ஆரம்பித்து, பஸ் பாடி கட்டும் பட்டறைவரை, தடித்த கண்ணாடியால் அவருக்கு ஒரே பெயர்தான்: பாட்டில். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது நானா அண்ணியா என்று குரலை வைத்துத்தான் சொல்வார். ஜூன் மாதக் கடைசியில் தலைநகர் போகொத்தாவுக்குப் போய் லேசர் செய்துகொண்டார். கண்ணுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையாம். முடி கருகுகிற மாதிரி ஒரு வாசனை வந்ததாம். மறுநாள் காலை, விடுதி ஜன்னலில் நின்று எதிர்க் கட்டடத்தில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக நிறம் சொல்லிக்கொண்டே அழுதார் என்று நூபியா அண்ணி சொன்னார்.

ஊருக்குத் திரும்பியதும் விருந்து வைத்தார்கள். ஆட்டுக்கறி சுட்டு, உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கோடு. பெலார்மினோ அண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எலியேசெர் கண்ணாடி போட்டதை இந்த ஊர்ல யாரும் பாத்ததில்ல. பாத்தேன்னு எவனாவது சொன்னா, அந்த எடத்துலயே ஒரு பெட்டி பீர் வாங்கணும். பாட்டில்னு கூப்பிட்டா ரெண்டு பெட்டி."

"பீர் பாட்டிலைக் கூட பாட்டில்னு சொல்லக் கூடாதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுக்கு வேற பேரு வச்சுக்க."

அத்தனை பேரும் கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிச் சத்தியம் செய்தோம். நானும் செய்தேன். கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தை அண்ணி மறுநாளே கழற்றிப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்விட்டார். படத்தில் அண்ணன் கண்ணாடியோடு இருந்தார்.

ஜூலை மாதத் தாள்களை இப்போது பார்த்தாலும் அழகாக இருக்கின்றன. முன்பு பெட்டி முழுக்கச் சிதறிக் கிடந்த புள்ளிகள் வளையத்தைச் சுற்றி ஈ மொய்ப்பது போல நெருங்கிவிட்டன. அவர் குறிபார்க்கும் முறை மட்டும் மாறவில்லை: சிறுவயதிலிருந்தே இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கண்ணால்தான் பார்ப்பார். பத்து வருடத்தில் முதல்முறையாக எங்கள் அணி வட்டாரப் போட்டியின் கடைசி ஆட்டத்துக்குத் தேறியது. பைபா ஊர் அணியோடு, செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை மதியம் இரண்டரைக்கு, எங்கள் களத்தில்.

அந்தச் சத்தமில்லாத வெளிச்சம் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது. பொட்டலங்கள் வெடிக்கும் இடத்தில் ஒரு வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் யார் கணக்கு வைப்பது? பட்டறையில் வெல்டிங் பொறி, களத்தில் வெடி. அண்ணன் வாழ்ந்ததே பளிச் பளிச்சென்று மின்னும் இடங்களில்தான். பிறகு ஆகஸ்ட் கடைசியில் கரி வந்தது.

"களத்துல கரிப்புகை ஜாஸ்தியாயிடுச்சு. கண்ணுக்குள்ள போயிடுச்சுபோல, கறுப்பு கறுப்பா மிதக்குது" என்றார்.

அண்ணி சீமைச்சாமந்திப் பூவைக் கொதிக்கவைத்து, ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைக் கழுவிவிட்டார். மூன்று நாள் கழுவியும் கரி போகவில்லை. கண்ணை அசைத்தால் அதுவும் அசைந்தது. நிறுத்தினால் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது.

நான்தான் வற்புறுத்தி அவரைக் கடைத்தெருவில் ஒலிவா என்ற பெண் நடத்தும் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். ஒலிவா கண் சோதிக்கப் படித்தவர். வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, ஊரில் பலரைத் தெரியாது. அண்ணன் கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்தார். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்துக் காட்டினார்.

"பிரமாதம். இதுக்கு முன்னாடி கண்ணாடி போட்டிருக்கீங்களா?" என்று எழுதிக்கொண்டே கேட்டார் ஒலிவா.

"நானா? ஒருநாளும் இல்ல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டங்களைப் பார்த்தேன். நான்கு வரிசை, வரிசைக்குப் பதினொன்று.

"கண்ணுல எதுவும் ஆபரேஷன்?"

"பல்லுலதான் பண்ணியிருக்கேன்."

ஒலிவா சிரித்தார். "புகை, தூசி எரிச்சலாத்தான் இருக்கும். இந்தச் சொட்டு மருந்தை விடுங்க. கறுப்பு ஜாஸ்தியானா மறுபடி வாங்க, மருந்து ஊத்திக் கண்பாப்பாவை விரிச்சு உள்ள பாக்கறேன்."

வெளியே வந்ததும், "பாத்தியா, கடைசி வரி!" என்று என் தோளைத் தட்டினார். பொய் சொன்னது எனக்கு உறுத்தியது. ஆனால் கடைசி வரியைப் படித்தது உண்மைதானே என்றும் தோன்றியது. அன்றிரவு இரண்டையும் எழுதிவைத்தேன். எது பெரியது என்று எழுதத் தெரியவில்லை.

கடைசி ஆட்டம் நடக்கும் வாரம், செவ்வாய் முதல் வியாழன்வரை ஐந்து மணிக்குப் பயிற்சி. செவ்வாயன்று அண்ணன் முதல் வீச்சுக்கு முன்பே கையை இறக்கிவிட்டார்.

"அண்ணே, பெட்டிக்கு மேல இருக்கிற லைட்டை மாத்துங்க. கீழ்ப்பக்கம் நிழலடிக்குது."

பெலார்மினோ அண்ணன் கடையிலிருந்தே புது டியூப் எடுத்துவந்து மாட்டினார். புதன்கிழமை அண்ணன் மறுபடியும் சொன்னார்.

"நிழல் அப்படியேதான் இருக்கு. நேத்தைவிட மேல வந்திருக்கு."

"மாப்ள, புது டியூப். நானே மாட்டினேன்."

"நல்லதா ஒண்ணு மாட்டுங்கண்ணே. விக்காத சரக்கை இங்க மாட்டாதீங்க."

"ஓஹோ! இவருக்கு மேடைக்குப் போடுற லைட்டு வேணுமாம். யாமிலே, ஏணியை எடு."

நானே ஏணி மேல் ஏறிப் பெரிய விளக்கு ஒன்றைக் கட்டினேன். இறங்கி நின்று பார்த்தேன். பெட்டியின் கீழ்ப்பாதியில் ஒவ்வொரு தட்டின் வடுவும், என் செருப்புத் தடமும்கூடத் தெரிந்தன. நிழல் எங்கேயும் இல்லை. வியாழக்கிழமை அண்ணன் விளக்கைப் பற்றிப் பேசவில்லை. தலையை முன்னால் சாய்த்து, தாடையை நெஞ்சில் இடித்துக்கொண்டு, புருவத்துக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல நின்று வீசினார்.

வெள்ளியன்று வகுப்பு முடிந்து வந்து, அந்த வாரத்துத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பின்னாலிருந்து விளக்குப் பிடித்தேன். செவ்வாய்ப் புள்ளிகள் வளையத்தின் மேல். புதன்கிழமையின் கூட்டம் ஒரு கை அளவு உயரே. வியாழன் அதற்கும் உயரே. பெட்டியின் கீழ்ப்பாதியில் மூன்று நாளில் ஒரு புள்ளிகூட இல்லை. பெட்டி நகர்ந்திருக்குமோ என்று சந்தேகம். காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அளவு நாடாவோடு போய் அளந்தேன். நகரவில்லை. என் கட்டங்கள் தவறோ என்று இன்னொரு முறை அளந்தேன்.

சனிக்கிழமை மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி பன்றி முதுகெலும்பு போட்டுக் கோதுமைக் கஞ்சி வைத்திருந்தார். ஆட்டம் இரண்டரைக்கு என்பதால் பன்னிரண்டரைக்கே உட்கார்ந்துவிட்டோம். அண்ணன் மேசைக்கு எதிரே இருந்த அண்ணியைப் பார்த்து இடது கண்ணை மூடி, வலது கையை ஓங்கி, வீசுவது போல விளையாட்டுக் காட்டினார். கை அப்படியே நின்றது.

"நூபியா, தட்டை எடுத்துட்டீங்களா?"

எங்கள் ஊரில் பெண்டாட்டியையும் நீங்க என்றுதான் கூப்பிடுவோம்.

"எந்தத் தட்டு?"

"என் தட்டு. கஞ்சி."

தட்டு அவர் முன்னால் ஆவி பறக்க இருந்தது. அண்ணி என்னைப் பார்த்தார். நான் கையை அண்ணன் நெஞ்சுக்கு நேரே, மேசைக்குக் கொஞ்சம் மேலே நீட்டினேன்.

"அண்ணே, அப்படியே அண்ணி முகத்தையே பாருங்க. இடது கண்ணைத் திறக்காதீங்க. இது எத்தனை விரல்?"

"எது எத்தனை?"

"என் கை."

"உன் கை எங்க இருக்கு?"

பிறகு இடது கண்ணைத் திறந்தார். தட்டையும் என் கையையும் பார்த்தார். சிரித்தார், ஆனால் சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது.

"கரி சேந்துபோச்சு. ஆட்டம் முடியட்டும். திங்கக்கிழமை அந்தப் பொண்ணுகிட்டயே போறேன்."

"ஏங்க, இன்னிக்கே போங்க" என்றார் அண்ணி.

"இன்னிக்கா? பத்து வருஷம் கழிச்சு வந்திருக்கு, இன்னிக்கா?"

நான் கழிவறைக்குப் போவதுபோல எழுந்து வெளியே வந்து கடைத்தெருவுக்கு ஓடினேன். ஒலிவாவின் கடையில் எனக்கு முன்னால் ஒரு குடும்பமே சட்டம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. நான் வரிசையில் நின்றேன். அவசரம் என்று சொல்லியிருக்கலாம். உண்மையில் அவசரமா என்று எனக்குத் தெரியாது என்பதால் சொல்லவில்லை. என் முறை வந்தபோது மணி இரண்டு ஐந்து.

"அன்னிக்கு என் அண்ணன் பொய் சொன்னார். கண்ணாடி போட்டிருந்தார். மைனஸ் ஒன்பதரை. ஜூன்ல லேசர் பண்ணினார்."

ஒலிவா பேனாவை மூடி வைத்தார். "ரெண்டு கண்ணும் ஒன்பதரையா?"

"ஆமா."

"இதை ஏன் அன்னிக்குச் சொல்லல? நீங்க கூடத்தானே நின்னீங்க?"

சத்தமில்லாத வெளிச்சத்தை, விளக்கு மாற்றியதை, தட்டைக் காணாமல் தேடியதை, புள்ளிகள் மேலே ஏறியதை எல்லாம் சொன்னேன். தாள்களையும் காட்டினேன். அவர் முதல் இரண்டைப் பார்த்ததோடு சரி, மற்றவற்றைப் பார்க்கவில்லை.

"லேசர் கண்ணுக்கு முன்பக்கத்தைத்தான் தட்டையாக்கும். அதனால கடைசி வரி படிக்கிறார். கண்ணு உள்ள அதே பழைய நீளக் கண்ணுதான். பின்பக்கம் விழித்திரை இழுபட்டு மெலிஞ்சு இருக்கும். அது கிழிஞ்சிருக்கு, அந்த வெளிச்சமும் கரியும் அதோட அறிகுறிதான். கிழிசல் வழியா தண்ணி புகுந்து, சுவத்துல ஒட்டின தாள் மாதிரி உரிஞ்சுட்டு வருது. மேல இருந்து உரியுது, கண்ணுக்குள்ள படம் தலைகீழா விழறதால கீழ நிழல். நடுப்பாகம் இன்னும் ஒட்டியிருக்கு. அது உரியறதுக்குள்ள போகணும்."

"திங்கக்கிழமை..."

"திங்கக்கிழமை இல்ல. இப்ப. போகொத்தாவுக்கு. மல்லாக்கப் படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போங்க. குனியக் கூடாது, குதிக்கக் கூடாது, கையை ஓங்கி எதையும் எறியக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு நான் போன் பண்றேன்."

ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை வாங்கியபோது மணி இரண்டு பத்து. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு இருபத்தைந்துக்குக் களத்துக்குள் நுழைந்தேன். பைபா ஆட்கள் பச்சைச் சட்டையில் வந்து நின்றிருந்தார்கள். அண்ணியும் ஊரில் பாதிப்பேரும் சுவரோரம் பெஞ்சில் இருந்தார்கள். பெலார்மினோ அண்ணன் என் கையில் பேனாவைத் திணித்து, "எங்க போயிட்டே? வா, பேர் எழுது" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எங்கே போயிருந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மெல்லத் தலையை இடவலமாக ஆட்டினார். ஒரே ஒரு முறை.

சீட்டு என் பாவாடைப் பையில் இருந்தது. சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். இதை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் சரியான காரணம் கிடைக்கவில்லை. போன வருடம் கேஸ் கசிகிறது என்று கத்திக் கடை முழுவதையும் தெருவுக்கு விரட்டினேன். கடைசியில் அது பக்கத்துக் கடையில் அழுகிய முட்டைக்கோசு. ஆறு மாதம் என்னை முட்டைக்கோசு என்று கூப்பிட்டார்கள். ஒலிவா அவர் கண்ணுக்குள் இன்னும் பார்க்கவில்லை, நான் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறார். நான் சொன்னது தவறாக இருந்தால்? இப்படி நினைத்துக்கொண்டே பெயர்களை எழுதினேன். முதல் சுற்று முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. இரண்டாவது சுற்று என்று நினைத்தேன்.

அண்ணன் தாடையை நெஞ்சில் அழுத்தி அழுத்தி வீசினார். ஒவ்வொரு வீச்சுக்கும் உடம்பு முழுவதும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது. எண்ணிக்கொண்டிருந்தேன்: பதினான்கு வீச்சு. அதில் இரண்டு வெடித்தன. கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது.

மூன்று முப்பத்தைந்துக்கு இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று. பைபாக்காரர் ஒருவரின் தட்டும் பெலார்மினோ அண்ணனின் தட்டும் வளையத்துக்கு ஒரே தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தன. அளக்கச் சொன்னார்கள். நான் நூலோடு போய்ப் பெட்டியின் கீழ்விளிம்பில் மண்டியிட்டேன். அளக்கும்போது யாரும் வீச மாட்டார்கள். இது யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லாத விதி.

பின்னாலிருந்து அண்ணி அலறுவது கேட்டது. என் காதோரம் காற்று அடித்தது. தலைக்கு ஒரு முழம் மேலே இரும்புத் தட்டு விழுந்து பொட்டலம் வெடித்தது. களிமண் என் தலைமுடியிலும் கழுத்திலும் தெறித்தது.

"வெடிச்சுது! மூணு!" என்று கத்தினார் அண்ணன். "இந்தத் தடவை சத்தம் கேட்டுச்சா இல்லையா?"

நான் எழுந்து திரும்பி நின்றேன். இரண்டு கண்ணையும் திறந்தபடி அவர் என்னைப் பார்த்தார். முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை இருபது மீட்டருக்கு அப்பாலிருந்தே பார்த்தேன்.

"யாமி... நீ அங்கயா இருந்தே?"

"இங்கதான் இருந்தேன்."

"அளந்து முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன். பெட்டி காலியா இருந்துச்சே. சத்தியமா காலியா இருந்துச்சு."

"மாப்ள, அவ மஞ்சள் சட்டை போட்டிருக்கா! குருடனுக்குக்கூடத் தெரியும்!" என்று பெலார்மினோ அண்ணன் கத்தினார். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி, மைனஸ் ஒன்பதரை, லேசர், கிழிசல், நிழல், எல்லாவற்றையும். சீட்டை எடுத்து நீட்டினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. வகுப்பில் அளவுகளை ஒப்பிப்பதுபோல இருந்தது.

ஆட்டத்தை நிறுத்தினார்கள். பைபாக்காரர்களே பெலார்மினோ அண்ணனின் வேனிலிருந்து சிமென்ட் மூட்டைகளை இறக்கி மெத்தை போட்டார்கள். அண்ணன் மல்லாந்து படுத்தார். நான் அவர் பக்கத்தில். அண்ணி முன் இருக்கையில் ஜெபமாலையோடு. கிளம்பும்போது மூன்று ஐம்பது.

சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை இடது கண்ணை மூடி என் மூக்கைப் பார்க்கச் சொன்னேன். கீழே கடைசியாக எது தெரிகிறதோ அதைச் சொல்ல வேண்டும்.

நான்கு ஐந்துக்கு: "சட்டைக் காலர்."

நான்கு இருபதுக்கும் காலர். நான்கு முப்பத்தைந்துக்கு: "கழுத்து. அழுக்கா இருக்கு, களிமண்."

துன்ஹா நெருங்கும்போது சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. நாற்பது நிமிடம் லாரிகளுக்குப் பின்னால் நின்றோம். பெலார்மினோ அண்ணன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

"தாடை போயிடுச்சு" என்றார் அண்ணன். "நல்லாத்தான் இருக்கே. அப்பா தாடை உனக்குப் பொருந்தல."

"பேசாம படுங்கண்ணே."

"யாமி, அந்தத் தட்டு உன் மேல பட்டிருந்தா..."

"படல."

ஐந்து ஐம்பதுக்கு வாய் போனது. கீழே ஒன்றுமில்லை, சாம்பல் நிறத் தண்ணீர் போல ஏதோ ஆடுகிறது என்றார். வேனுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. உள்விளக்கைப் போட்டு என் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன். ஆறு பத்து, வெந்தாகெமாதாவைத் தாண்டி:

"மூக்கு கோணலா இருக்கு."

"கோணலான்னா?"

"வளைஞ்சு. தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி. முகத்தை ஆட்டாத."

நான் ஆட்டவில்லை.

ஆறு இருபத்தைந்துக்கு, "நெத்தி மட்டும்தான்" என்றார். அதன்பின் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். முன்னால் அண்ணியின் ஜெபம் மட்டும் நிற்காமல் கேட்டது.

ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்கு எடுத்துக்கொண்டார்கள். கண்பாப்பாவை விரிக்கும் மருந்து ஊற்றி, தலையில் விளக்கு மாட்டிய ஒரு பெண் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். மேலே பார், கீழே பார், மூக்கைப் பார் என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. பிறகு இடது கண்ணையும் அதே அளவு நேரம் பார்த்தார்.

"வலது கண்ணுல நடுப்பாகமும் உரிஞ்சுடுச்சு. இடது கண்ணுலயும் மெலிசான இடம் ரெண்டு இருக்கு, அதைச் சுத்தி நாளைக்கே லேசர் போட்டு அடைக்கணும்."

"லேசர் பண்ணினதாலதான் இப்படி ஆச்சா?" என்று கேட்டார் அண்ணி.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த மாதிரி கண்ணு தானாவும் கிழியும். வருஷா வருஷம் விழித்திரையைக் காட்டணும்னு சொல்லி அனுப்பியிருப்பாங்களே?"

அண்ணன் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

"நடுப்பாகம் எப்ப போச்சுன்னு தெரியுமா? உத்தேசமா?"

நான் நோட்டைத் திறந்து படித்தேன். ஆறு பத்துக்கு மூக்கு கோணல், ஆறு இருபத்தைந்துக்கு நெற்றி மட்டும். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இப்படி யாரும் எழுதிவைத்து அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"ஒட்டியிருக்கும்போதே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. "காலையில முதல் ஆளா எடுக்கறோம். விழித்திரையை ஒட்டவைக்கப் பாக்கலாம். பார்வை எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. படிக்கிற மாதிரி வராமப் போகலாம்."

அவர் போனபிறகு அண்ணி படிவங்களில் கையெழுத்துப் போட வெளியே போனார். பெலார்மினோ அண்ணன் கதவருகே தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். அண்ணன் கட்டிலில் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாமி. அந்தக் கடைக்காரப் பொண்ணு உன்கிட்ட எத்தனை மணிக்குச் சொல்லிச்சு?"

நோட்டைப் பார்க்கத் தேவையில்லை. இருந்தாலும் பார்த்தேன்.

"ரெண்டு பத்து."

"ஆட்டம் நின்னது?"

"மூணு முப்பத்தஞ்சு."

உதடுகள் அசைந்தன, கழித்துப் பார்த்திருப்பார். நான் ஏற்கெனவே வேனில் கழித்து, நெற்றி மட்டும் என்று எழுதிய வரிக்குப் பக்கத்தில் எழுதிவைத்திருந்தேன். ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்.

அண்ணன் நான் உட்கார்ந்திருந்த பக்கம் தலையைத் திருப்பினார். இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு என் முகம் இருக்கும் திசையில் பார்த்தார். என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை.